பிலோமினா மேடம் வாங்காத வீல்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பேக்கிங் செக்‌ஷன் செல்வி போன் செய்தார். "மாஸ்டர், நம்ம லேப் மேடம் போயிட்டாங்களாமுங்க. கோயிலுக்குக் கெளம்பிட்டு இருந்தாங்களாமா, அப்படியே சாஞ்சுட்டாங்களாமா." எந்த மேடம் என்று கேட்டேன். நம் மில்லில் லேப் மேடம் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியாதா என்ன? கீழே போட்ட குழாயிலிருந்து தண்ணீர் தெருவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

கருமத்தம்பட்டிப் பக்கத்து நம் நூற்பாலையில் தரம் பார்க்கும் லேப்புக்கு பிலோமினா மேடம் பொறுப்பு. நான் ஸ்பின்னிங் மாஸ்டர். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை நான் அனுப்பிய நூல் கோன்களில் இரண்டை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். எனக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். "இது ரெண்டும் ஒண்ணில்லீங்க மாஸ்டர். துணியா நெய்யும்போதுதான் தெரியும். அப்ப நம்ம கையில இருக்காது" என்றார். முணுமுணுத்துக்கொண்டே மொத்தத்தையும் பிரித்து அடுக்கினேன். அவர் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு நிறம் விஷயத்தில் அவரோடு நான் வாதாடியதில்லை. மில்லுக்குள் மட்டும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கணவர் இல்லை, மகள் ஜெனிபர் சென்னையில். "பஸ்ஸுக்கு நின்னு நின்னு கால் போச்சுங்க. இனி என்னைய நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, கைமாறிய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். நான்தான் பார்த்துக் கொடுத்தேன். கார் என்றால் நம் மில்லில் என்னைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நானே போய்ச் சொல்வேன்.

சில மாதம் கழித்து, "அலாய் வீல் போடலாம்னு ஒரு ஆசைங்க மாஸ்டர். கூட வாரீங்களா?" என்று கேட்டார். அவிநாசி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். சுவர் முழுக்க வீல்கள். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், மெல்லிய கம்பிகள் வைத்த செம்பு நிற வீல் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். அதன் விளிம்பை விரலால் தடவினார். "வெள்ளை வண்டிக்கு இது எப்படீங்க இருக்கும்?"

நான் சிரித்தேன். "என்னங்க மேடம், காலேஜ் பையன் வண்டியாட்டம்! நம்ம வயசுக்கு இதெல்லாம் ஒத்து வருமுங்களா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?" கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீலின் அகலம், நட்டுத் துளை, டயர் உரசுவது என்று அளந்து தள்ளினேன். உண்மையில் செம்பு நிற வீலுக்கும் நான் காட்டிய சாதாரண வெள்ளி நிற வீலுக்கும் அளவு ஒன்றேதான். மேடம் கையை எடுத்துக்கொண்டார். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். வெள்ளி நிற வீல்களை மாட்டிக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "நம்ம மாஸ்டர் எடுத்துக் குடுத்ததுங்க" என்று அவர் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டுப் பூரித்துப்போயிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஜெனிபர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "அங்கிள், நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்க. நீங்களே நல்லவங்க கையில வித்துக் குடுத்துருங்க." விற்பதற்குமுன் டயர்களைச் சரிபார்க்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு வண்டி அடையாளம் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் வீலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிச் சொன்னாத் தப்பில்லீங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அம்மா கேட்டுக்கிட்டாங்க. அந்தச் செம்புக் கலர் வீலைத் தேடி ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டாவது தடவை வண்டிய உள்ள ஏத்தி, ஜாக்கி கூடப் போட்டுட்டோம். திடீர்னு வேண்டாங்க, மாஸ்டர் பாத்தா மனசு சங்கடப்படுவாருன்னு சொல்லிப்போட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அந்த வீல் இப்போது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. "அந்த மாடலே இப்ப வர்றதில்லீங்க" என்றார்.

நூலில் இத்தனை நுணுக்கமாக வித்தியாசம் கண்டுபிடித்தவருக்கு வீலில் எது அழகு என்று தெரியாதா? நான் அவர் நல்லதுக்காகப் பேசவில்லை. நாலு பேர் முன்னால் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப் பேசினேன். அவர் அதையும் கண்டுபிடித்திருப்பார். கண்டுபிடித்தும், எனக்கு வலிக்கக் கூடாது என்று மூன்று வருடம் அதே வீல்களில் ஓட்டியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

காரை சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் வாங்கினார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி சுத்தமா இருக்குதுங்க. வீலு மட்டுந்தான் கண்ணுக்குப் பிடிக்கலீங்க, மாத்திக்கறேன்" என்றார். கழற்றியதும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். என் வீட்டுப் போர்ட்டிகோவில் அடுக்கி வைத்திருக்கிறேன். மேடத்தின் பொருள் என்று என்னிடம் இருப்பவை அந்த நான்கும்தான். நான்கும் அவருக்குப் பிடிக்காதவை.