அழாமல் கிடைத்த வேடம்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தீபாவளிக்காகச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் விளக்கு அலங்காரம் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே நான் பட்ட அசிங்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெருமை அப்புறம் வரும்.

நான் ஒரு நடிகன். உடனே எந்தப் படம் என்று கேட்காதீர்கள். சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். முகம் தெரியும், பெயர் தெரியாது, அந்த ரகம். பாதிக்கு மேல் போலீஸ் வேடம்தான். ஆள் உயரம், மீசை எடுப்பு என்று யாரோ ஒரு தடவை சீருடையை மாட்டிவிட்டார்கள். அப்புறம் அதைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. நாடகம் இல்லாத நாட்களில் கல்யாண மேடைகளில் அறிவிப்பாளர், பள்ளிகளில் கதை சொல்பவர், விளம்பரங்களுக்குக் குரல். செங்காங்கில் எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுத் தொடருக்கு ஆடிஷன் என்று கூப்பிட்டார்கள். துணை வேடம் இல்லை, முக்கிய வேடம்! துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கதை. எனக்கு நாற்பத்தொரு வயது. இதை விட்டால் அடுத்து அப்பா வேடம், அதற்கடுத்து மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்கும் வேடம். எப்படியாவது இதை வாங்கிவிட வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

ஒரு காட்சியை அனுப்பியிருந்தார்கள். வேலையிடத்தில் வலது கை நசுங்கி, கட்டுப் போட்டிருக்கும் கணவன், ஊரில் இருக்கும் மனைவியோடு வீடியோ காலில் பேசுகிறான். விபத்தை மறைக்கப் பார்க்கிறான். முடியாமல் உடைந்து அழுகிறான். நான்கு நாள் அழுது அழுது பழகினேன். மனைவியின் வசனத்தை என் மனைவியே படித்தாள். கடைசியில் தாளை மடக்கி வைத்துவிட்டு, "அழுகை நல்லாத்தான் இருக்கு. ஆனா போலீஸ்காரர் அழற மாதிரி இருக்குங்க" என்றாள்.

சுருக்கென்றது. தொழிலாளிகளை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். மச்சானின் பட்டறையில் கிரீஸ் படிந்த சட்டை ஒன்றையும் பழைய பாதுகாப்பு பூட்ஸையும் வாங்கி மாட்டிக்கொண்டேன். ஐந்து நாள் தாடி வேறு. கண்ணாடியில் பார்த்து நானே அசந்துபோனேன். அந்தக் கோலத்தில் எம்ஆர்டி ரயில் ஏறித் தேக்காவில் போய் இறங்கினேன்.

அங்கே போனதும்தான் உறைத்தது. ஞாயிறு லீவுக்குத் தொழிலாளிகள் கூடும் புல்வெளி முழுக்க ஆட்கள், ஒருவர்கூட அழுக்காக இல்லை! இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, பக்கத்தில் போனால் சென்ட் வாசனை. வாரமெல்லாம் அழுக்கில் நிற்கிறவன் லீவு நாளிலும் அதே சட்டையோடா வெளியே வருவான்? எந்த மடையனுக்கும் தோன்றியிருக்க வேண்டிய விஷயம், எனக்குத் தோன்றவில்லை.

செய்தித்தாளை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பேர் என்னையே பார்த்தார்கள். அதில் ஒருவர், முப்பது வயதுக்குள் இருக்கும், கை காட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, என்ன இப்படி வந்திருக்கீங்க? கம்பெனியில ஏதும் பிரச்சனையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்குள் இருந்த நடிகன் முந்திக்கொண்டான். நாலு நாளாகப் பழகிய தஞ்சாவூர்ப் பேச்சில், "ஆமாண்ணே" என்று தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒருவர், "சாப்பிடுங்கண்ணே" என்று தன் பொட்டலத்தில் இருந்து பாதிப் பிரியாணியை என் பக்கம் தள்ளினார். கூப்பிட்டவர் பையில் கையை விட்டு, அப்போதுதான் கடையில் வாங்கி வந்த, கவர்கூடப் பிரிக்காத நீலச் சட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"மொதல்ல இதப் போட்டுக்கங்கண்ணே. ஊர்ல புள்ளைங்க வீடியோல உங்கள இப்படிப் பாத்தா பயந்துக்கும்."

அந்தச் சட்டை மடியில் நெருப்பாகச் சுட்டது. அதற்கு மேல் முடியவில்லை. நான் நடிகன், ஆடிஷனுக்காக இப்படி வந்தேன், மன்னித்துவிடுங்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பிரியாணி கொடுத்தவர் எழுந்தார். "எங்கள வேடிக்கை பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். வாங்க போங்க என்று பேசியவர்தான். நான் கூனிக் குறுகிப்போனேன். சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

சட்டைக்காரர் மட்டும் சிரித்தார். "உக்காருங்கண்ணே. நானே நம்பிட்டேன்ல? நல்லாத்தான் நடிக்கிறீங்க. என்ன சீனு, சொல்லுங்க."

சொன்னேன். அழுதும் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"போன்ல அழுதீங்கன்னா முடிஞ்சுதுண்ணே. அடுத்த நிமிஷம் அவ ஊரையே கூட்டிருவா. அப்புறம் இங்கேருந்து யாரு போய் அவளச் சமாதானம் பண்றது? நாங்கள்லாம் போன்ல அழமாட்டோம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி. அப்போதுதான் கவனித்தேன், அவருடைய ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் மருந்துக் கட்டும் செருப்பும். சாரத்தில் இருந்து வழுக்கி விழுந்ததில் பட்ட அடியாம். போனை முகத்துக்கு நேராக உயர்த்தி, பின்னால் விளக்கு அலங்காரம் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தார். "இப்பத்தான் கோயில் வரைக்கும் நடந்துட்டு வந்தோம். செம கூட்டம்!" என்று ஆரம்பித்தார். மோட்டார் சரியாயிற்றா, மகனுக்கு ஆடிய பல் விழுந்ததா, மாமனார் இன்னும் கோபமாக இருக்கிறாரா என்று கேள்வி மேல் கேள்வி. அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கேள்வி கேட்க இடமே கொடுக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். பேசி முடித்ததும் போன் திரையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எத்தனையோ நடிகர்களோடு நடித்திருக்கிறேன். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை.

புதன்கிழமை ஆடிஷன். முகத்தைச் சவரம் செய்து, நல்ல சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரிப் போனேன். வெளியே காத்திருந்த மற்ற இருவரும் என்னைவிடச் சின்னவர்கள், அழுக்குச் சட்டை, பூட்ஸ் என்று வந்திருந்தார்கள். கல்யாண வீடு மாறி வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். திரும்பி வீட்டுக்குப் போய்ப் பழைய சட்டையை மாட்டி வரலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இயக்குநரும் தயாரிப்பாளரும். மனைவியின் வசனத்தைப் படிக்க ஓர் உதவியாளர், சின்னப் பெண். காலையில் இருந்து படித்த அலுப்பு. அடுத்த நிலையம் என்னவென்று ரயிலில் அறிவிக்கிற மாதிரி தாளைப் பார்த்தே ஒப்பித்தாள். நான் இடது கையில் போனைப் பிடித்தேன், வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கேட்டேன், சிரித்தேன், வம்பிழுத்தேன். அழ வேண்டிய இடம் வந்தது. அங்கேயும் சிரித்தேன்.

அந்தப் பெண் தாளில் இருந்து தலையைத் தூக்கினாள். என்னையே பார்த்தாள். அப்புறம் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"ஏங்க, ஏன் எடது கையில போன் வச்சிருக்கீங்க? இன்னொரு கையக் காட்டுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதற்கு என்னிடம் வசனம் இல்லை. ஆனால் வாய் தானாகப் பேசியது.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்டி. கையெல்லாம் சோறு. கழுவிட்டுக் கூப்புடுறேன்."

போனை அணைத்தேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் தேடினாள்.

"ஸ்கிரிப்ட்ல அழுகை இருக்கு லா, பார்த்தீங்களா?" என்றார் இயக்குநர், சிங்கப்பூர்க்காரர்களின் வழக்கமான 'லா'வோடு.

"பார்த்தேன் சார். ஆனா அவரு அழமாட்டாரு."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அடித்த இடத்தில் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். வேடம் எனக்கு என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேனா கோடு போட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு புல்வெளிக்கு ஓடினேன், நல்ல சட்டையில். சட்டைக்காரர் தூரத்தில் இருந்தே, "அழுதீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பக் கெடச்சிருச்சு!" என்று கைகொட்டிச் சிரித்தார். பிறகு தொடர் வந்தது, நாலு பேர் பாராட்டினார்கள், கடையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமையெல்லாம் எனக்குப் பிடிக்கும், மறைக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால், என் கண் இப்போதும் அவருடைய இன்னொரு கையைத் தேடுகிறது. ஒரு நடிகனாக நான் சம்பாதித்ததில் பெரியது அந்தப் பார்வைதான்.