பதினான்கு புள்ளிகள்

ஹுமேராவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மடியில் ஷூவின் மேல்பாகங்கள் ஒரு குவியல். தையல் முடிந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை ஒட்ட வெட்ட வேண்டும்; தோலில் கத்தரி பட்டால் அந்த ஜோடியே வீண். ஆராய்ச்சிக்கு வந்தவளிடம் இந்த வேலையைத் தள்ளிவிட்டது செண்பகம். மாதனூரில் அவள் வீட்டுக்குள் யார் வந்தாலும் வெறுங்கையோடு உட்கார முடியாது.

"கேக்கறத கேளு பாப்பா. கை அது பாட்டுக்கு வேலை செய்யட்டும்."

ஹுமேரா வாணியம்பாடிக்காரி, வயது முப்பத்திரண்டு. அப்பா ஷபீ அஹமது தோல் மண்டியில் தரம் பிரித்தே பெண்ணைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். அவளோ அதோடு நிற்காமல், ஊர்கள் வளரும்போது பெண்களுக்கு அதில் என்ன இடம் என்று ஆராயப் போனாள். கல்யாண வயதில் தெருத்தெருவாக அளக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று பார்க்க, அறுபது பேரின் போனில் அவர்கள் சம்மதத்தோடு ஒரு செயலி போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் கூட்டம். நிழற்குடையும் விளக்கும் எந்தெந்த ஊருக்கு என்று அதில்தான் முடிவாகும். நாற்பத்தாறு பேரின் பாதை ஒழுங்காக வந்திருந்தது. இந்தத் தெருவின் பதினான்கு பேர் மட்டும் இரண்டு மாதமாகப் பகல் முழுக்க ஒரே வீட்டில் இருப்பதாக வரைபடம் காட்டியது. அந்த வீட்டைத் தேடித்தான் வந்திருந்தாள்.

காரணம் சுவர் அலமாரியில் இருந்தது. பதினான்கு போன்கள் வரிசையாக, முதுகில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதி, சார்ஜில் கிடந்தன. ஒன்று அடித்தது. செண்பகம் எடுத்தாள்.

"சகாயமேரி வேலைக்குப் போய்ட்டாப்பா," என்றாள். "கொழம்பா? குண்டான தெறந்து பாரு. இதுக்கு ஒரு போனா?"

"இது என்னக்கா?"

"இன்னாவா? நீதான சொன்ன, போன் அணையவே கூடாதுன்னு. இவங்க கம்பெனி கேட்டுல வாங்கி, ஆஃப் பண்ணி, பொட்டில போட்டுடுவான். நீ பேஜாராவியேன்னு என்னாண்ட குடுத்துட்டுப் போவுதுங்க. ஒரு நாள் சார்ஜ் கம்மியாச்சா, சொல்லு?"

ஆகவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே செய்திருந்தார்கள். போன் எப்போதும் பெண்ணோடுதான் போகும் என்று தானாக நினைத்துக்கொண்டது ஹுமேராவின் தப்பு. அவள் வீட்டிலேயே அம்மாவின் போன் பல வருஷம் தம்பி முஜாஹிதின் சட்டைப்பையில்தான் இருந்தது. தெரிந்ததுதான். படிப்புக்குள் நுழைந்ததும் மறந்துபோயிற்று.

அங்கிருந்தே தன் ஆராய்ச்சி வழிகாட்டி வசந்துக்கு ஸ்பீக்கர் போட்டுப் பேசினாள்.

"அந்தப் பதினாலை எடுத்துடும்மா. நாற்பத்தாறே தாராளம். யாரும் கேக்கப்போறதில்ல," என்றார் அவர்.

உண்மைதான். யாரும் கேட்க மாட்டார்கள். ஹுமேரா இன்னும் நாலு பிசிறு வெட்டினாள்.

"எடுத்துட்டா இன்னா ஆவும்?" செண்பகம் தலை நிமிராமல் கேட்டாள்.

"இந்தத் தெருப் பொம்பளைங்க எங்கயும் போறதே இல்லன்னு ஆயிடும்கா. விளக்கு வேற ஊருக்குப் போய்டும்."

"அப்ப போன ஜனவரில லாரி இடிச்சு மெர்சிக்குக் காலு ஒடிஞ்சுதே, அது வூட்ல உக்காந்துக்கினா ஒடிஞ்சுது?"

ஹுமேரா கத்தரியைக் கீழே வைத்தாள். "எத்தனை மணிக்குக்கா கெளம்புவாங்க?"

"அஞ்சே முக்காலுக்கு இங்க வருங்க. ஏன், கூடப் போவப் போறியா? அதுங்க நடக்காது பாப்பா, ஓடும். பாதி வழில உன்ன அதுங்க ஆட்டோல ஏத்தணும்."

மறுநாள் காலை ஐந்தரைக்கே ஹுமேரா அந்த வாசலில் நின்றாள். பெண்கள் போனைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். நோட்டோடு அவளும் கூட ஓடினாள். மயானத்தை ஒட்டிய மண் பாதை ஆறு நிமிஷம், விளக்கு கிடையாது. பிறகு நாலுவழிச் சாலை. நடுவே தடுப்பு உடைந்த ஓர் இடம் உண்டு. அங்கே சேலையைத் தூக்கிச் செருகி, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்து, லாரி இடைவெளி பார்த்துத் தாண்டினார்கள். காலைத் தாங்கித் தாங்கி வந்த மெர்சியை நடுவில் விட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு ஒன்பது நிமிஷம் வெட்டவெளியில் நின்றார்கள். கடக்கும் இடத்தையும் நிற்கும் இடத்தையும் பேனாவால் வரைந்து, நேரம் போட்டு, கூட்டத்தில் இதையும் வைக்கச் சொல்லி வசந்துக்குப் படம் எடுத்து அனுப்பினாள். நடந்தவர்கள் பதின்மூன்று பேர், ஒருத்திக்குக் காய்ச்சல். அதையும் எழுதினாள்.