ரப்பர் சப்பாத்து

வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது, இஸ்திரிப்பெட்டியைத் தொட்டாலே கை விறுவிறுத்தது. அதைப் பார்க்க வந்த கரண்ட் வேலைக்காரருக்கு அம்மைத் தழும்பு முகம். எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார்.

“சப்பாத்தோட வராதீங்க, மாதா படம் இருக்கு” என்றார் என் வீட்டுக்காரர்.

“இது ரப்பர்ங்க ஐயா. இங்க கரண்ட மண்ணுக்கு இறக்குற கம்பி இல்ல. வெறுங்கால்ல நின்னா அடிக்கும்.”

“எங்க வீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?”

கழற்றினார். பெட்டியைத் தொட்டதும் சுவரோரம் போய் விழுந்தார்.

“வேலை தெரியாத ஆளு” என்றார் இவர்.

எனக்கு உடம்பே கூசியது. வாசலில் கிடந்த சப்பாத்தை என் கையாலேயே எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன்.

“ஐயோ, நீங்க தொடலாமாம்மா?” என்று காலை இழுத்துக்கொண்டார்.

வெட்கப்பட வேண்டியவர் கதிரையில் சாய்ந்திருந்தார். அந்த மனிதர் எதற்குத் தலை குனிந்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.