தூரம் மட்டும் தெரிஞ்சாப் போதும்

எங்கள் மருத்துவமனையின் தரைத்தளத்தில், சலவை அறைக்கும் நான் வேலை பார்க்கும் கோப்பு அறைக்கும் நடுவில் ஒரு தையல் அறை இருக்கிறது. கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த நோயாளி அங்கி, பித்தான் போன டாக்டர் கோட்டு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். இருபத்தெட்டு வருடம் அந்த அறையில் உட்கார்ந்து தைத்தவரை நாங்கள் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டோம். தைப்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை. வாயும் அப்படி. பெரிய டாக்டர் ஒருவர் மூன்றாவது முறையாகப் பேனா மையைக் கொட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "நீங்க எழுதறது காகிதத்துலயா, கோட்டுலயா டாக்டர்?" என்று கேட்டவர் அவர்.

கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன். ரயிலில் ஒரு முழு நாள் போக வேண்டிய ஊரில் குடும்பத்தோடு இருந்தான். தாய்க்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

அவர் கணவர் இங்கேதான் செயற்கைச் சுவாசத்தில் பதினாறு நாள் கிடந்தார். கொஞ்சம் நினைவு திரும்பிய ஒரு காலையில், தாளில் கோணல்மாணலாக "போதும், விடு" என்று எழுதிக் காட்டினார். மகன் போனில், "நான் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதேம்மா" என்றான். அந்த வாரம் அடித்த மழையில் தண்டவாளம் மூழ்கி ரயில் ஓடவில்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த அக்கா, மூன்றாம் நாள் சுவாசக் கருவியை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "என்னைக் கேக்காம அப்பாவை அனுப்பிட்டே, இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு அம்மாவின் போனை எடுக்கவே இல்லை.

அந்த அக்கா ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் போனை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சைக்கிள் ஓட்டுறதைப் பதிவு பண்ணி வைக்கிற ஆப் இருக்காமே? எனக்கு ஒண்ணு போட்டுக் குடேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வீட்டுலேர்ந்து இங்க நாலு கிலோமீட்டர், திரும்பிப் போக நாலு. இருபத்தெட்டு வருஷமா அதே வழி. ஆப் வந்து புதுசா என்னக்கா சொல்லப் போகுது?"

"அது சொல்றதைச் சொல்லட்டும். நீ போடு."

முதலில் போட்ட ஆப் பேசும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பெண் குரல் வேகத்தையும் நேரத்தையும் சொல்லும். மறுநாள் அக்கா வந்ததும் வராததுமாக, "யாருடி அவ, பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு நச்சுநச்சுன்னு! பஸ்ஸுக்கு நடுவுல அவ கத்தினதுல நான் விழப் பாத்தேன்" என்றார். அதை எடுத்துவிட்டேன். இரண்டாவது ஆப் பேசவில்லை, ஆனால் சார்ஜைத் தண்ணீர் மாதிரிக் குடித்தது. மூன்றாவது அருமையாக இருந்தது. பெரிய தமிழ் எழுத்து, விளம்பரம் கிடையாது, ஒரு பட்டனைத் தொட்டால் ஓட ஆரம்பிக்கும், போன வழியை வரைபடத்தில் நீலக் கோடாகக் காட்டும். நானே தேர்வெழுதிப் பாஸானதுபோல அதைக் காட்டினேன்.

அக்கா மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இதுல அடுத்தவங்க ஓட்டுறது தெரியுமா?"

"தெரியாது. இது நமக்கு மட்டும்."

"அப்ப வேணாம்."

கடைசியில் அவர் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டது நான்காவதை. இருந்ததிலேயே மோசமான ஆப் அதுதான். திறந்தவுடன் விளம்பரம், அதை மூடினால் இன்னொரு விளம்பரம், யார் யாரோ ஓட்டிய தூரம், யார் யாருக்கோ கைதட்டல் என்று சந்தைக்கடை மாதிரி இருந்தது. "இதைப் போய் யாராவது எடுப்பாங்களா?" என்றேன். அக்கா தேடும் இடத்தைக் காட்டச் சொல்லி, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். மகனின் பெயர். அக்காவின் தங்கை மகள் சொன்னாளாம், அண்ணன் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டி இந்த ஆப்பில்தான் போடுகிறான் என்று.

ஹெல்மெட் போட்ட மகனின் படம் வந்தது. அக்கா அதைப் பெரிதாக்கினார். "இளைச்சிருக்கான்" என்றார்.

தன் பெயரைப் போடக் கூடாது என்றார். "பெடல்" என்று வைத்தோம். பெண், வயது அறுபது என்று மட்டும் போட்டோம். "என் வழியும் தெரியக் கூடாது. தெருவைப் பாத்தாக் கண்டுபிடிச்சிடுவான். தூரம் மட்டும் தெரிஞ்சாப் போதும்." அதற்கும் அந்த ஆப்பில் ஒரு வசதி இருந்தது. வரைபடத்தை மறைத்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து தினமும் காலை வேலையைத் தொடங்குவதற்கு முன் அக்கா மகனின் கோட்டைப் பார்ப்பார். ஏரி ஒன்றைச் சுற்றி வரும் அந்தக் கோடு அவருக்கு மனப்பாடமானது. "இன்னிக்கு ரெண்டு கிலோமீட்டர் கம்மி. சளி பிடிச்சிருக்கும்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு ஏரிப்பக்கம் போகவேயில்லை. ஒரு பூங்காவுக்குள் நூல்கண்டு மாதிரி சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியிருந்தது. கீழே மகன் எழுதியிருந்தான்: "பாப்பாவின் முதல் சவாரி. விழுந்தாள், அழவில்லை."

அக்கா அந்தப் பேத்தியைப் பார்த்ததே இல்லை. "விழுந்தா அழ மாட்டாளாம்" என்று சலவை அறைக்காரர்கள் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தினமும் மகனுக்குக் கைதட்டல் பட்டனை அழுத்துவார். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கமிருந்தும் கைதட்டல் வந்தது. பிறகு ஒரு நாள் ஒரு வரியும் வந்தது. "அறுபது வயதில் தினமும் எட்டு கிலோமீட்டரா? உங்களைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது அம்மா."

முகம் தெரியாத பெரியவளை மரியாதைக்கு அம்மா என்கிறோம். அவனும் அப்படித்தான் எழுதினான். அக்கா போனை என்னிடம் நீட்டி, "நீ வாய்விட்டுப் படி" என்றார். படித்தேன். "கடைசி வார்த்தையை இன்னொரு தடவை" என்றார்.

பதிலுக்கு அவர் எழுதியது, "நன்றி தம்பி." பெற்ற பிள்ளையைத் தம்பி என்று எழுதிவிட்டு, அன்று முழுக்கத் தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் மிதித்தார்.

"நீங்கதான்னு சொல்லிடுங்கக்கா" என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"சொன்னா இதுவும் போயிடும். இப்ப தினமும் எழுந்தா அவன் நல்லா இருக்கான்னு தெரியுது. ஆசைப்பட்டு இருக்கறதையும் கெடுத்துக்கவா?"

ஆனால் கெட்டது. கணவர் இறந்த நாள் வந்தது. அன்று மகன் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியிருந்தான். "அப்பாவுக்காக. கடைசியாக ஒரு வார்த்தை பேசக் கொடுத்துவைக்கவில்லை. எனக்காகக் காத்திருக்க விடவில்லை" என்று எழுதியிருந்தான். அக்கா அதை என்னிடம் காட்டவில்லை. தானே உட்கார்ந்து பதில் எழுதி அனுப்பிவிட்டுத்தான் வந்து சொன்னார். "காத்திருக்கச் சொல்லி நானும் அவரைக் கெஞ்சினேன்டா. அவரால முடியலைடா."

அந்த 'டா' போதுமே. எந்தப் பெடலும் ஊர் பேர் தெரியாத தம்பியை டா போடாது.

மறுநாள் காலை மகனின் படம் இருந்த இடத்தில் ஒரு பூட்டுதான் இருந்தது. 'இவர் தன் பயணங்களைப் பிறருக்குக் காட்டுவதில்லை.' ஆப் பழுதோ என்று அக்கா மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். பிறகு ஊசியில் நூல் கோக்கப் போனார். நான்கு முறை தவறியது. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டார். "என் வழியை மறைச்சு வச்சியே, அதை எடுத்துடு. இனிமே யாருக்கு ஒளிக்கணும்? அவன் கோட்டை நான் பாக்க முடியாட்டியும், என் கோட்டை அவன் பாக்கலாம் இல்ல?"

"பாக்கலாம்."

"பாக்கறானான்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சரி, இருக்கட்டும்."

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஓட்டினார். கைதட்டல் ஒன்றும் வரவில்லை. விடுமுறை நாளில்கூடத் தெருமுனை வரையாவது போய்வந்து பதிவு செய்வார். முட்டி வீங்கிய மாதத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அன்றெல்லாம் நாலு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் என்று காட்டும். "ஆமை ஓட்டுன சைக்கிள்னு நினைச்சுக்கட்டும்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. வாசலில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதே விழுந்திருக்கிறார். பக்கவாதம். வலப் பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இரண்டாம் மாடி வார்டில் சேர்த்தார்கள். அன்றே தங்கை மகள் மகனுக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

வியாழக்கிழமை மதியம், தையல் அறை எது என்று ஒருவர் என் வாசலில் வந்து கேட்டார். ஹெல்மெட் இல்லாததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. "மூணு நாளா கோடு வரலை" என்றார். வேறொன்றும் சொல்லத் தெரியாதவர்போல அதையே மறுபடி சொன்னார். "மூணு நாளா வரலைங்க. அதான் கிளம்பிட்டேன்."

மேலே கூட்டிக்கொண்டு போனேன். அக்கா கண் திறந்துதான் இருந்தார். அவனை வெகுநேரம் பார்த்தார். இடது கை மெல்ல நகர்ந்து, கட்டிலோரம் குனிந்திருந்த அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. செவிலி வந்து மருந்து கொடுக்கிற வரை விடவில்லை.

பதினொரு நாள் அவன் அந்த நாற்காலியை விட்டு அதிகம் எழவில்லை. பன்னிரண்டாம் நாள் பகலில் அக்கா போய்விட்டார்.

தாள்களில் கையெழுத்துப் போட அவன் என் அறைக்கு வந்தபோது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஏன் சார் பூட்டு போட்டீங்க?"

"மொதல்ல கோவம். என்னை ஏமாத்திட்டாங்கன்னு. அப்புறம் வெக்கம்." தாளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னிக்கு எழுதினதைப் படிச்சப்புறம்தான் அம்மாவும் கெஞ்சியிருக்காங்கன்னே எனக்குத் தெரியும். தினமும் அவங்க கோட்டைப் பாத்தேன். பதில் எழுதுவேன், அழிப்பேன். அம்மாதான் தினமும் ஓட்டறாங்களே, இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு எழுதிக்கலாம்னு இருந்துட்டேன்."

"மேல அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பதினொரு நாளும் அதையேதான் சொன்னேன். சொல்றது அவங்களுக்குப் புரியுமான்னு டாக்டரால உறுதியாச் சொல்ல முடியலை." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "புரிஞ்சிருக்குமாங்க?"

"புரிஞ்சிருக்கும்" என்றேன். எனக்கும் தெரியாதுதான்.