நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்

பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் இனி அரசுப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவார்களாம், அதற்கு ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். ஷூ கம்பெனி பஸ்ஸில் யாரோ செல்போனில் சத்தமாக வைத்த செய்தியில் கேட்டேன். எங்கள் தெருப் பள்ளியில் பிள்ளைகள் ரொம்பக் கம்மி. பணம் இல்லாமல் அதை மூடினால், என் மகள் நெடுஞ்சாலையைத் தாண்டித்தான் படிக்கப் போக வேண்டும்.

"சட்டமே இன்னும் வரல. அதுக்குள்ள இன்னாக்கா மூஞ்சி இப்டி ஆயிடுச்சு?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. "உனக்குக் கவலைப்பட எதுனா ஒண்ணு வேணும்." பின்சீட்டில் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மெஷினில் உட்கார்ந்தும் கண்ணுக்குள் லாரிகள்தான் ஓடின. அஞ்சாவதோடு என் படிப்பு நின்றதும் இந்த ரோட்டால்தான். ஆறாவதுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. கொண்டுபோய் விட ஆளில்லை, அம்மாவுக்குப் பயம். அம்மா மேல் அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் ஆறவில்லை.

சாயங்காலம் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நானே பாத்துத் தாண்டிடுவேம்மா" என்றாள்.

அன்றைக்கு நானும் அம்மாவிடம் இதையேதான் சொன்னேன். சட்டம் வருமோ வராதோ, தெரியாது. வந்தால் நானும் இவளை நிறுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.