திங்களும் வியாழனும் வரும் வேன்

சொந்த போன் நம்பரைக் கேட்டால் ஊசியம்மா இரண்டு தடவை யோசிப்பாள். மஞ்சள் ரொட்டி வேனின் நம்பரை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடகடவென்று ஒப்பித்துவிடுவாள்.

ஊசியம்மா என்று பெயர் வைத்தது அவள் ரத்தம் எடுக்கப் போகும் வீட்டுக்காரர்கள். தினமும் காலை ஐந்தரைக்கு சைக்கிளில் கிளம்பி, எட்டு ஒன்பது வீடுகளில் ரத்தம் எடுத்து, குழாய்களைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியை கேரியரில் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, எட்டு மணிக்குள் லேப்பில் சேர்க்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அவள் இன்னும் ஒரு மேட்டில்கூட இறங்கித் தள்ளியதில்லை.

தொழிலே யாரையும் நம்பாத தொழில். நோயாளியின் பெயரை அவள் சொல்ல மாட்டாள், அவர் வாயிலிருந்துதான் வரவைப்பாள். "எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டால் "சத்தியமா இல்லைம்மா" என்று பதில் வரும், மீசையில் பால் ஒட்டியிருக்கும். இப்படி இருபத்திரண்டு வருடம். வீட்டில் புருஷன் "தலைவலிக்குது" என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மாத்திரை எடுப்பாள்.

ரோட்டில் போகும் வண்டிகளை அவள் ஓரளவு மன்னித்து வைத்திருந்தாள். பின்னால் பார்க்காமல் கதவைத் திறக்கிற கார்க்காரர், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு வளைகிற ஸ்கூட்டர்காரர், ஹாரனாலேயே ஆளைத் தள்ளிவிடலாம் என்று நம்புகிற பஸ் டிரைவர் எல்லோரும் கண் இல்லாத ஜென்மங்கள். பகை கிடையாது. ரொட்டி வேன்காரன் அப்படியில்லை. அவனுக்குக் கண் இருந்தது. அந்தக் கண் தன் மேலேதான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

நான்கு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை. குறுகிய பாலத்தின் நடுவில் வேனின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. கைப்பிடிச் சுவரில் தோளைச் சாய்த்து எப்படியோ விழாமல் நின்றாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வேன் நிற்கவில்லை, வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

பாலம் வழியாக வேன் வருவது திங்களும் வியாழனும் மட்டும்தான். அந்த இரண்டு நாள்களில் அவள் காதுகள் முதுகுக்குப் போய்விடும். என்ஜின் சத்தம் கேட்டாலே ஓரத்துக்கு வளைவாள், திரும்பிப் பார்ப்பாள், நின்று பையிலிருக்கும் நோட்டில் நேரம் குறிப்பாள்.

"சைக்கிள்காரங்க கொசு மாதிரி," என்றார் புருஷன். லாரி ஓட்டி ஓய்ந்தவர். முழங்கால் போன பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடி கற்பனை கியர் போடுகிறவர். "கண்ணாடில தெரியவே மாட்டீங்க. திடீர்னு முளைப்பீங்க."

"நீங்க எத்தனை கொசுவை இடிச்சீங்க?"

"ஒண்ணுகூட இல்லை. அதான் சொல்றேன், டிரைவருக்கு உன்மேல என்ன விரோதம் இருக்கப்போகுது? வேலையை விட்டுட்டு வீட்ல இரேன்."

"காலைல சூடா டீ போட ஆள் வேணும், அதை நேரா சொல்லுங்க."

அவர் நாற்காலியில் கியரை மாற்றினார். அதுவும் அவள் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

கடந்த மாதம்தான் பிரச்சினை பெட்டிக்குள் புகுந்தது. எடுத்துவந்த ரத்தத்தை லேப்பில் மெஷினில் போட்டு வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பு கீழே தங்கி, மேலே வெளிர் மஞ்சளாக நீர் தெளிந்து நிற்க வேண்டும். உள்ளே ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் அந்த நீர் சிவந்துவிடும். பிறகு அதில் எதை அளந்தாலும் கணக்கு தப்பும், முக்கியமாக இதய நோயாளிகளுக்குப் பார்க்கும் பொட்டாசியம் என்கிற உப்பின் கணக்கு. ஒரு திங்கட்கிழமை ஊசியம்மாவின் பெட்டியில் பாதிக் குழாய்கள் சிவந்து போயின. அடுத்த வாரம் திங்கள், மறுபடி. அதற்கடுத்த வாரம் வியாழன், மறுபடி. மற்ற நாள்களில் ஒரு குழாய்கூடக் கெடவில்லை.

"கண்டபடி குலுங்கினா அணு உடையும் அக்கா," என்றாள் லேப்பை நடத்தும் டாக்டரம்மா. வயதில் பத்து வருடம் இளையவள், வேலைக்காரர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் குரலில் கத்தி இருக்கும். "ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் ரெண்டாவது முறை குத்த வேண்டியிருக்கு. ஜனங்க திட்டறாங்க. இன்னொரு பெட்டி இப்படி வந்தா வீடு வீடா போற ரவுண்டை பைக்ல போற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். சைக்கிளே வேண்டாம்."

"சைக்கிள் என்ன பண்ணுச்சு டாக்டரம்மா? கெட்ட நாளைப் பாருங்க. திங்கள், திங்கள், வியாழன். வேன் வர்ற நாள். அவன் என்னை ஓரத்துக்குத் தள்றான், பள்ளத்துல இறங்கி ஏர்றேன், பெட்டி குலுங்குது."

நோட்டை விரித்துக் காட்டினாள். தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். லேப்பின் பெயர் அச்சடித்த தாளில் ரொட்டிக் கம்பெனி முதலாளிக்குக் கடிதம் போனது. நான்கு தேதிகள்: முழங்கை உரசிய நாள் ஒன்று, குழாய் கெட்ட நாள்கள் மூன்று.

கடிதம் போன அடுத்த திங்கட்கிழமை, பாலம் முடிகிற இடத்தில் மஞ்சள் வேன் ஓரமாக நின்றிருந்தது. அவன் இறங்கி அதன் மேல் சாய்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும், சட்டையில் மாவு படிந்திருந்தது. ஊசியம்மா பத்தடி முன்பே பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"லெட்டர் போட்டது நீங்கதானேக்கா?"

"போட்டா என்ன? வழியை மறிக்கறியா?"

"மறிக்கலை. பேசத்தான் நிக்கறேன். ஓனர் ஒரு வாரம் டைம் கொடுத்திருக்காரு. என்மேல தப்பு இல்லைன்னு நிரூபிக்கலைன்னா சாவியை வெச்சுட்டுப் போன்னுட்டாரு."

"அது உன் தலைவலி."

"சரி. ஆனா உண்மையைச் சொல்றேன், எனக்குத்தான் உங்களைப் பார்த்தா பயம். வேனைக் கண்டா பாம்பு மாதிரி வளையறீங்க, திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க, நின்னு நம்பர் எழுதறீங்க. வேணும்னே முன்னாடி வந்து விழுந்து கேஸ் போடற ஆளுன்னுதான் நான் நினைச்சேன். அதுக்காகவே கைக்காசு போட்டு வண்டில கேமரா மாட்டினேன்."

ஊசியம்மா கையிலிருந்த போனை இறக்கினாள். "என்னைப் பார்த்தா விழற ஆள் மாதிரியா இருக்கு?"

"என்னைப் பார்த்தா இடிக்கற ஆள் மாதிரியா இருக்கு?"

"இருக்கு," என்றாள் அவள் யோசிக்காமல்.

அவன் சிரித்துவிட்டான். போனில் படத்தை ஓடவிட்டு, கையை நீட்டி, தள்ளி நின்றே காட்டினான். அவளும் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். முதல் படத்தில் அவள் பாலத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள், வேன் நல்ல இடைவெளி விட்டுத் தாண்டியது. அடுத்த திங்கட்கிழமைப் படத்தில் பாலம் முழுக்கத் தேடியும் அவளைக் காணோம்.

"அன்னிக்கு நீங்க இந்தப் பக்கமே வரலை. எப்படிக்கா தள்ளினேன்?"

நினைவு வந்தது. அன்று அவனுக்குப் பயந்து சந்து வழியாகச் சுற்றிப் போயிருந்தாள். குழாய் கெட்டது, கிழமை திங்கள், ஆகவே தேதியை எழுதிவிட்டாள்.

வியாழன் படம் இன்னும் மோசம். வேன் கிட்டே வருமுன்னே அவள் சைக்கிளிலிருந்து இறங்கி, பெட்டியைக் கேரியரிலிருந்து கழற்றி, குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வேன் போகும்வரை அசையவில்லை.

"சிலை மாதிரி நிக்கறீங்க. இதுல எங்க குலுங்குச்சு?"

"முதல் தேதி? முழங்கையில உரசினியே, அது?"

"அப்ப கேமரா வாங்கலை," என்று சொல்லிவிட்டு அவன் டயரைப் பார்த்தான்.

வேன் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அந்த ஆள் படத்தில் ஏதாவது வெட்டி ஒட்டியிருப்பானோ என்று முதலில் ஓடியது புத்தி. ஆனால் சந்தில் போனதும், பெட்டியை அணைத்து நின்றதும் அவளுக்கே தெரியும். அதை யாரும் ஒட்ட முடியாது. குலுங்கவில்லை என்றால் ரத்தம் ஏன் கெட்டது?

பாலத்துச் சுவரில் பெட்டியை வைத்துத் திறந்தாள். சாதாரண நாள்களில் குழாய்கள் ஸ்பாஞ்சு கட்டையின் துளைகளில் நிற்கும், ஐஸ் பொட்டலங்கள் துண்டில் சுற்றி ஓரமாக இருக்கும். வேன் வரும் நாளுக்கென்று அவளே ஒரு ஏற்பாடு கண்டுபிடித்திருந்தாள். போன மாதம்தான் அது தோன்றியது. துண்டை எடுத்துவிட்டு, பொட்டலங்களைக் கட்டையின் இரு பக்கமும் குழாய்களோடு ஒட்டி இறுக்கிச் சொருகிவிட்டால் எதுவும் ஆடாது. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் போதும் என்று நினைத்திருந்தாள். இப்போது ஓரத்துக் குழாய் ஒன்றை உருவினாள். விரலில் சுரீரென்று பட்டது. குழாயின் வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

உறைந்தாலும் அணு உடையும். பொட்டலம் பாதி உருகியிருந்த நாள்களில் மட்டும் குழாய்கள் தப்பித்திருக்கின்றன. புதிதாக வந்தவர்களுக்கு இதை அவளே பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வேனிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று, வேன் வராத சந்தில்கூட, தன் கையாலேயே கெடுத்திருக்கிறாள்.

இன்றைய பெட்டியில் எட்டுக் குழாய்கள். ஓரத்தில் நிற்கும் நாலு குழாய்களாவது கெட்டுப்போயிருக்கும். இன்னொரு பெட்டி கெட்டால் ரவுண்டு போச்சு என்று டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. கூடவே இன்னொரு குரலும் கேட்டது, அது அவளுடையதுதான்: துண்டைச் சுற்றி வை, வாயை மூடிக்கொள், வேன்மேல் ஐந்தாவது தேதி ஒன்று எழுதிவிடு. கடிதத்தை ஏற்கெனவே நம்பிவிட்டார்கள், இதையும் நம்புவார்கள்.

அவற்றில் ஒன்று ஓய்வுபெற்ற தபால்காரருடையது. நரம்பு கிடைக்கவே கால் மணி நேரம் ஆகும். இதய மாத்திரையின் அளவை இந்த உப்புக் கணக்கைப் பார்த்துத்தான் மாற்றுவார்கள். லேசாகச் சிவந்த குழாய் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பினால் மாத்திரை தப்பாக மாறும்.

அவள் பெட்டியை மூடி, சைக்கிளை மிதித்தாள். லேப் வாசலில் மூச்சு வாங்க நின்றபடியே சொல்லிவிட்டாள், உட்கார்ந்தால் மனசு மாறிவிடும் என்று.

டாக்டரம்மா பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "எப்பலேர்ந்து இப்படி அடைக்கறீங்க?"

"போன மாசத்துலேர்ந்து. வேன் வர்ற நாள்ல மட்டும்."

"லேப் பேர் போட்ட தாள்ல கையெழுத்து போட்டு அனுப்பியிருக்கேன் அக்கா! ஒரு மனுஷன் வேலையைப் பறிக்க!" குரலில் இருந்த கத்தி முழுதாக வெளியே வந்தது. "எட்டு வீட்டுக்கும் இப்பவே திரும்பிப் போங்க. உங்க தப்புன்னு நீங்களே சொல்லி மறுபடி எடுங்க. பால் குடிச்சிருந்தா நாளைக்கு. வந்ததும் புது லெட்டர் நீங்களே எழுதுங்க, நான் பார்க்கணும்."

எட்டு வீடுகளில் இரண்டில் கதவு திறந்த வேகத்திலேயே மூடியது. தபால்காரர் மட்டும் கையை நீட்டி, "நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு நரம்பு தளர்ச்சின்னு தெரியலை ஊசியம்மா," என்றார்.

புதுக் கடிதத்தில் மூன்று தேதிகளைத் திரும்பப் பெற்றிருந்தாள். தப்பு தன்னுடையது என்று நேராகவே எழுதியிருந்தாள். முதல் தேதியை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

"இதையும் எடுத்துடலாமே," என்றாள் டாக்டரம்மா. "ஏற்கெனவே அவமானம்."

"முழங்கையை உரசினது ஐஸ் இல்லை டாக்டரம்மா. கேமரா இல்லாத அன்னிக்கும் நான் அங்கதான் இருந்தேன்."

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். "வியாழக்கிழமை வரைக்கும்தான். அன்னிக்கு ஒரு குழாய் சிவந்திருந்தாலும் பைக் ஆள் வருவாரு. பெட்டியை மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்."

வியாழன் காலை ஒன்பது குழாய்கள். துண்டில் சுற்றிய பொட்டலங்கள் ஓரமாக, ஸ்பாஞ்சு கட்டை நடுவில், போட்டோ அனுப்பியாயிற்று. பாலத்தில் பின்னால் என்ஜின் சத்தம் கேட்டது. அவள் வளையவில்லை, இறங்கவில்லை. ரோட்டில் தனக்கென்று ஒரு முழத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் போனாள். பெட்டி பின்னால் லொடலொடவென்று ஆடியது. வேன் ஹாரன் அடித்தது, தாண்டியது. ரொம்பத் தள்ளி என்று சொல்ல முடியாது, ரொம்பக் கிட்டே என்றும் சொல்ல முடியாது.

லேப்பில் மெஷின் சுற்றி நிற்கும்வரை அவள் நாற்காலியில் உட்காரவில்லை. டாக்டரம்மா மூடியைத் திறந்து, ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேலே வெளிர் மஞ்சள். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "சரி அக்கா, ரவுண்டு உங்களோடதுதான். போய் டீ குடிங்க," என்றாள்.

ஊசியம்மா நகரவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நாலாவது குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சொல்றேனே, நம்பலையா?"

"ஒம்பதையும் பார்த்துட்டு சொல்றேன்," என்று ஐந்தாவதை எடுத்தாள்.