எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓர் எழுத்துரு

அண்ணி ஓசூர் தையல் கம்பெனியை விட்டுவிட்டு, அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் டிபன் கடை போட்டார். மூன்று மாதம் பார்ப்பது, ஓடாவிட்டால் மறுபடி விடிகாலைக் கம்பெனி பஸ் என்பது அவர் முடிவு. வாசலில் தமிழ்ப் பலகை இருந்தது. பெங்களூர் கார்களுக்காகச் சாலையோரக் கம்பத்தில் ஆங்கிலப் பலகை ஒன்று வேண்டும் என்றார். பத்திரிகையில் பல வருடம் பக்கம் வடிவமைத்த கொழுந்தன் வீட்டிலேயே இருக்க, வேறு யாரிடம் கேட்பார்?

TIFFIN என்ற ஆறு எழுத்துக்கு நான் எடுத்தது நேர்த்தியான அலங்கார எழுத்துரு. நெடுக்குக் கோடுகள் தடிமன். குறுக்குக் கோடுகள் தலைமுடி அளவு. ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் செரிஃப் என்னும் சின்னப் பாதம், பிளேடால் சீவியதுபோல. ஞாயிறு இணைப்பின் தலைப்புகளுக்கு ஆசையாகப் போட்டுவந்தது. லேப்டாப்பில் பார்த்த அண்ணி, "கல்யாணப் பத்திரிகையாட்டம் இருக்குதுங்க தம்பி" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பலகை ஏறிப் பத்து நாள் ஆயிற்று. ஒரு காரும் நிற்கவில்லை. மீந்த மாவில் எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் தோசை.

பதினோராம் நாள் காலை அண்ணி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். தருமபுரிப் பக்கம் போய்த் திரும்பி வருகையில், பலகை தூரத்தில் தெரிந்ததும், "போர்டுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார்.

"எனக்குத் தெரியாதா அண்ணி? நான் போட்டதுதானே."

"மனசுல இருக்கறத சொல்ல வேணாம். கண்ணுல படறத சொல்லுங்க."

பார்த்தேன். மெல்லிய கோடுகள் வெயிலில் கரைந்திருந்தன. நேராக ஐந்து கம்பம், கடைசியில் ஒன்று சாய்ந்து. அந்த எழுத்துருவின் N-இல் சாய்கோடு மட்டும்தான் தடிமன். கண்டதைச் சொன்னேன்.

"மாரண்டஹள்ளியில தக்காளிக்குக் குச்சி நட்டாப்பல இருக்குதுல்ல? தக்காளித் தோட்டத்தப் பாத்து எவன் இட்லி திங்க எறங்குவான்?"

செய்தித்தாளை வாசகர் கையில் பிடித்து நிதானமாகப் படிக்கிறார். இங்கே வாசகர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அதை யோசிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

மறுநாளே புது ஃபிளெக்ஸ். மஞ்சளில் கறுப்பு, பாதமோ நெளிவோ இல்லாத தடித்த எழுத்து, சிமென்ட் மூட்டையில் அச்சடிக்கும் ரகம். என் மனம் கேட்கவில்லை. பழைய எழுத்துருவில் மெனு கார்டு செய்து மேசைகளில் வைத்தேன். தட்டு வரும்வரை படிக்க ஆளுக்கு நேரம் இருக்குமே.

இரண்டாம் நாள் கர்நாடகப் பதிவெண்ணுடன் ஒரு கார் நின்றது. அந்தச் சனிக்கிழமை வீட்டு நாற்காலிகளையும் கடைக்குத் தூக்கிவர வேண்டியிருந்தது. காரில் வந்த ஒரு பெண் மெனு கார்டைப் போட்டோ எடுத்ததை அண்ணி கவனித்தார். "பரவால்ல, உங்க எழுத்துக்கும் ஒரு வேலை கெடச்சிருச்சு."

மூன்றாம் மாதக் கடைசியில் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். கல்லில் மாவை ஊற்றியபடியே அண்ணி சொன்னார்: "வர முடியாதுங்கண்ணா. இங்க மாவு பத்தவே மாட்டேங்குது."

உண்மைதான். எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டு நாளாகிறது.